மீசை ஒட்டாத ஹீரோ

"மீசைய ஒட்டுன்னா ஒட்டு ஆன்சி, வெளிச்சம் போயிட்டே—"

"ஒட்ட மாட்டேன்னா மாட்டேன்! எத்தினி தபா சொல்—"

"மீசை இல்லாம எவன் சிரிப்பான்? கதையே அந்த மீசைதான—"

"உன் கதைய நீயே ஒட்டிக்கோ!"

இருவரும் ஒரே நேரத்தில் கத்தியதில், திருவொற்றியூர் சாலையோரம் துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளின் டிரைவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

ஜோபின் தலையில் கை வைத்துக்கொண்டான். கல்லூரியில் கடைசி வருஷத்துக்கு அவன் எடுத்துக் காட்ட வேண்டிய குறும்படம். அந்தக் காலத்து ஊமைப் படம் மாதிரி, கறுப்பு வெள்ளையில், வசனமே இல்லாமல் சிரிக்க வைக்க வேண்டும். தொளதொள கோட்டும் பெரிய மீசையுமாக ஒரு ஆள், காற்றில் பறந்த தன் தொப்பியை லாரிகளுக்கு நடுவே துரத்துகிறான். தொப்பி கைக்கு எட்டும்போதெல்லாம் லாரி நகர்ந்துவிடும். அவ்வளவுதான் கதை. அதற்கு வகுப்பில் ஆன்சியை விட்டால் ஆள் கிடையாது. அவள் வழுக்கி விழுந்தால் பிணம்கூட எழுந்து சிரிக்கும்.

கேமராவைப் பிடித்திருந்த டென்னிஸ், "மீசை போனா போவட்டும் மச்சான். புருவத்தத் தடிப்பாக்கிடலாம்" என்றான்.

"நீ வேற! சரி, தொலையட்டும். நடி தாயே!"

ஆன்சி ஓடினாள். வழுக்கினாள். எழுந்து லாரிக்கு ஒரு கும்பிடு போட்டாள். டிரைவர்கள் விசிலடித்தார்கள். ஜோபினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைசி ஷாட்டில் தொப்பியைப் பிடித்து நெஞ்சோடு அணைத்தவள், நேராகக் கேமராவைப் பார்த்து நிதானமாக எதையோ பேச ஆரம்பித்தாள்.

"கட்! கட்! எதுக்குப் பேசற? இது ஊமைப் படம்!"

"ஊமைப் படம்னா சத்தந்தான் வராது. வாயத் தெச்சுக்கினா நடிப்பாங்க?"

"தொப்பிக்காரன் பேசவே மாட்டான். அதான் காமெடி!"

"இந்தத் தொப்பிக்காரன் பேசுவான். டென்னிசு, இன்னும் கிட்ட வா. மூஞ்சி மட்டும் பெர்சா தெரியட்டும். இரு, லிப்ஸ்டிக் இன்னும் கொஞ்சம் டார்க்கா போட்டுக்கறேன்."

"அழகிப் போட்டியா நடத்தறோம் இங்க?" ஜோபின் தொப்பியைப் பிடுங்கித் தரையில் அடித்தான். "அப்படி என்னத்தத்தான் பேசற? சொல்லு, அட்டையில எழுதி நடுவுல போட்டுத் தொலைக்கறேன்."

"வோணாம். ஊரே படிக்கும்."

"ஊரு படிக்கத்தானே அட்டையே போடறது!"

"இத பாரு. நான் நடிக்க ஒத்துக்கினதே ரெண்டு கண்டிசன்ல. கடைசி ஷாட்டு என் இஷ்டம். மொத ஷோ ராயபுரத்துல, எங்க சர்ச்சு பங்கு மண்டபத்துல. முடியாதுன்னா சொல்லு, கோட்டக் கயட்டிக் குத்துட்டுப் போய்க்கினே இருக்கறேன்."

"அந்த மண்டபத்துல என்னதான் இருக்கு?"

"எங்கப்பா வரும். சாமியார் கூப்ட்டா வந்துதானே ஆவணும்."

அவள் குரல் இறங்கியதை டென்னிஸ் கவனித்தான். "இன்னுமா கோவமா கீறாரு?"

"பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி, 'எங்கப்பாவக் கேட்டு இன்னா ஆவப் போவுது, என்னக் கேளுங்க'ன்னு சொல்லிட்டேன். அவசரத்துல வந்துடிச்சி. அன்னிலேர்ந்து என் மூஞ்சியப் பாக்க மாட்டேன்னுது. சோறு வச்சா சுவத்தப் பாத்துக்கினு துன்னுது. காயிதத்துல எழுதிக் குத்தேன். படிக்காமயே மடிச்சு, ஆடற ஜன்னலுக்கு முட்டுக் குத்துடிச்சி."

"அப்ப என் படத்தப் பாத்து வயிறு வலிக்கச் சிரிச்சா கோவம் போயிடும்னு நினைக்கிற?"

"அப்டியே வச்சுக்கோயேன்."

மறுபடி எடுத்தார்கள். அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட லாரிகளின் ஹாரனைத் தாண்டி வரவில்லை. "சரியா வரல, இன்னொரு தபா" என்றாள். இன்னொரு தபா. அதற்குமேலும் ஒரு தபா. ஜோபின் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன பாவம் பண்ணேன் நான்?" என்று பக்கத்து லாரியின் டயரைப் பார்த்துக் கேட்டான்.

ஞாயிறு மாலைப் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. சிரிக்காமல் கை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் ஆன்சியின் அப்பா யேசுதாஸ் ஒருவர்தான். பக்கத்தில் அவர் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்து, அவர் தொடையில் தட்டியும் அசையவில்லை. இருட்டில் சுவரோரம் நின்ற ஆன்சி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஷாட் வந்தது. திரை முழுக்க ஆன்சியின் முகம். உதடுகள் நிதானமாக அசைந்தன. சிரிப்பு அடங்கிவிட்டது.

"இங்கதான் படம் படுத்துடுச்சு. சொன்னேன், கேட்டாளா?" என்று ஜோபின் பல்லைக் கடித்தான்.

யேசுதாஸ் எழுந்தார். கப்பல் பட்டறையில் இரும்புத் தகடு அடித்து அடித்து இரண்டு காதும் எப்போதோ போனவர், எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்பவர், தன் குரலின் உயரம் தெரியாமல் மண்டபம் அதிரக் கத்தினார்.

"லைட்டப் போடு நைனா! மன்னிச்சிக்கோன்னது புரிஞ்சிடிச்சி. அதுக்கு முன்ன சொன்னது அப்பாவா, அம்மாவா? உதட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. எம்பொண்ணு மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்!"