மூன்றுக்கு இரண்டு

"பஸ்ஸை நிறுத்தலாம்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றார் டக் வெர்னர். இரண்டு பேர் தூக்கினார்கள். அடுத்து பிளாசிடா தூக்கினாள், தயங்காமல், நேராக.

வெர்னர் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர். பேனா முனையால் எண்ணினார். "மூணு. வேண்டாங்கிறவங்க?"

பள்ளியின் பெற்றோர் குழுத் தலைவி இர்மாவும் அவள் பக்கத்தில் இருந்த எலியாசரும் தூக்கினார்கள். "ரெண்டு. அப்ப மூணுக்கு ரெண்டு," என்று எழுதிக்கொண்டார்.

நோர்மா அதை மைக்கில் ஸ்பானிஷில் சொன்னாள். ஆங்கிலத்தில் வருவதை ஸ்பானிஷிலும் ஸ்பானிஷில் வருவதை ஆங்கிலத்திலும் சொல்வது அவள் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறாள். சொல்வது எதுவும் இப்போது மனதில் தங்குவதில்லை. ஒரு வாக்கியம் காதில் விழும், இன்னொன்று வாயிலிருந்து வரும், அவ்வளவுதான்.

நிறுத்தப்போவது திராட்சைத் தோட்டக் குடியிருப்புக்குப் போகும் காலை பஸ். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கும் லாரிகூடத் தெரியாது. பஸ் இல்லையென்றால் பிள்ளைகள் அந்தச் சாலையோரமாக இரண்டு மைல் நடக்க வேண்டும். பிளாசிடாவின் இரண்டு பெண்களும் அந்த பஸ்ஸில் போகிறவர்கள்தான்.

"பெற்றோர் குழுவைக் கேட்டாச்சு, பெரும்பான்மை ஒத்துக்கிட்டாங்க. கல்வி போர்டுக்கு அப்படியே போயிடும்," என்று வெர்னர் தாளை நீட்டினார். ஐந்து பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். பிளாசிடா தன் பெயரை மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினாள்.

ஓட்டுக்கு முன்னால், கூட்டத்தின் நடுவில், நோர்மாவின் குரலைக் கேட்கக் காதில் மாட்டும் கருவிகள் ஓய்ந்துவிட்டன. நோர்மா பாட்டரி மாற்றப் பத்து நிமிடம் ஆயிற்று. மற்ற நால்வரும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அரட்டை அடித்தார்கள். பிளாசிடா மட்டும் காதிலிருந்து எடுக்கவே இல்லை. வெர்னரின் முகத்தையே பார்த்தபடி, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருடமாக அவள் அப்படித்தான். பள்ளியில் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டு உறுப்பினரானவள். திராட்சைக் கொடி வெட்டும் வேலை முடிந்து, மண் ஒட்டிய பூட்ஸோடு வந்துவிடுவாள். ஒரு கூட்டம்கூடத் தவறியதில்லை. கை தூக்கச் சொன்னால் தூக்காமல் இருந்ததும் இல்லை. ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

வெர்னர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் கார் நகர்ந்த சத்தம் கேட்டதும் இர்மா எழுந்து வந்து பிளாசிடாவின் முன்னால் நின்றாள்.

"உன் பிள்ளைங்களும் அதுலதானே போகுது பிளாசிடா? எப்படி உனக்கு மனசு வந்துச்சு?"

பிளாசிடா புன்னகைத்தாள். "ஆமா," என்றாள் ஸ்பானிஷில். "நன்றி."

"பாத்தியா எலியாசர், நன்றியாம். தோட்டத்து மேஸ்திரி ஓதி அனுப்பியிருக்கான். இல்ல, ஆபீஸ்காரர்கிட்ட நல்ல பேர் வாங்கணும்னு ஆசை."

"விடு இர்மா. பயந்திருப்பா," என்றார் எலியாசர்.

"நமக்கு மட்டும் பயம் இல்லையா? நான் நிறுத்தச் சொல்லித் தூக்கலையே." இர்மா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். எலியாசரும் மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

நோர்மா ஒயர்களைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். யார் எப்படி ஓட்டுப் போட்டால் என்ன. நாளை வேறொரு பள்ளியில் வேறொரு குழு, அதே மேஜை, அதே பிஸ்கட்.

கதவோரம் தொப்பி போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். "நான் செலியா. அதே தோட்டத்துக்குப் போன மாசம்தான் வேலைக்கு வந்தேன். இவங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்," என்றாள் ஸ்பானிஷில். "அந்தம்மா ஏங்க இவங்ககிட்ட அப்படிக் கோபப்பட்டாங்க?"

"காலை பஸ்ஸை நிறுத்தணும்னு இவங்க கை தூக்கினாங்க. இவங்க ஒரு கையாலதான் அது ஜெயிச்சுது," என்றாள் நோர்மா, பெட்டியை மூடியபடி.

"எங்க பஸ்ஸையா?"

செலியா பிளாசிடாவிடம் திரும்பி ஏதோ கேட்டாள். அது ஸ்பானிஷ் இல்லை. ஆங்கிலமும் இல்லை. மெக்சிகோவின் தெற்கு மலைகளிலிருந்து வருகிறவர்கள் வயல்களில் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நோர்மா கேட்டிருக்கிறாள். அதில் ஒரு சொல்கூட அவளுக்குப் புரியாது.

பிளாசிடா பேசினாள். நிறையப் பேசினாள். தாழ்ந்த, தெளிவான குரல். நடுவில் ஏதோ கேட்டாள். செலியா சொன்ன பதிலுக்கு அவள் முகத்திலிருந்த புன்னகை அப்படியே நின்றது. மறுபடி ஒருமுறை கேட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

நோர்மா காத்திருந்தாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக, தனக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

"இவங்களுக்கு ஸ்பானிஷ்..." என்று இழுத்தாள்.

"ஆமாவும் நன்றியும் தெரியும். மத்தபடி எங்க மலைப் பேச்சுதான்," என்றாள் செலியா.

"அப்ப இத்தனை நாளா ஏன் கையைத் தூக்கினாங்க?"

செலியா பிளாசிடாவைப் பார்க்காமல் சொன்னாள்.

"எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு எண்ணத்தான் தூக்கச் சொல்றீங்கன்னு நெனச்சாங்களாம்."