இருவேளை வெற்றிலைத் தண்ணீர்

ஐம்பத்தாறு நாட்களாக, காலையும் மாலையும், என் மாமியார் ஃபிளாஸ்கில் ஊற்றித் தரும் வெற்றிலைத் தண்ணீரை நான் குளியலறையில் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவருக்குத் தெரியாது.

இப்போது அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நர்ஸ் லிஸ்தி என்னிடம் கேட்பதற்கெல்லாம் தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கால் வீங்குகிறதா. எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

என் மாமியாரை, பந்துல் பக்கம் தார்வி இபு, அதாவது தார்வி அம்மா, என்றால் தெரியாத வீடு இல்லை. ஜாமு விற்கிறவர். மஞ்சள், புளி, இஞ்சி என்று எட்டு போத்தல் மூலிகைச் சாற்றைக் கூடையில் அடுக்கி முதுகில் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடமாகத் தெருத்தெருவாகப் போகிறார். எட்டாவது போத்தல் குடிக்க அல்ல. பெண்கள் கழுவிக்கொள்ள. வெற்றிலையைக் கொதிக்கவைத்த தண்ணீர்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அதில்தான் உள்ளே கழுவினேன். நுண்ணுயிரியல் படித்தவள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதல் கரு இருபத்திரண்டாவது வாரத்தில் போய்விட்டது.

இந்த முறை இருபதாவது வாரத்திலேயே கருப்பை வாயின் நீளத்தை அளந்தார்கள். இருபத்துநான்கு மில்லிமீட்டர். குறைவு. பஞ்சுக் குச்சியில் எடுத்த மாதிரியில், இருக்க வேண்டிய கிருமிகள் அநேகமாக இல்லை. இருக்கக் கூடாதவை கூட்டமாக இருந்தன.

டாக்டர் மாத்திரை எழுதினார். ராத்திரி வைத்துக்கொள்ள ஒரு மருந்தும் தந்தார். கழுவுவதை நிறுத்தச் சொன்னார்.

போன முறை அதனால்தானா என்று கேட்டேன்.

அப்படி யாராலும் சொல்ல முடியாது என்றார்.

யாராலும் சொல்ல முடியாததை, "வேண்டாம் இபு" என்ற இரண்டே சொல்லில் நான் சொல்லிவிட்டதாக ஆகிவிடும். அதனால் ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டு போவேன். அந்த வாடையை நினைத்தாலே குமட்டும். விளக்குப் போடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்துவிட்டு வருவேன்.

இன்றைக்கு இருபத்தெட்டாவது வாரம். ஏழாம் மாதச் சடங்குக்கு வீட்டில் இன்னும் நாள் பார்க்கவில்லை. கேட்டால், "பாக்கலாம், பாக்கலாம்" என்பார் இபு.

லிஸ்தி ரிப்போர்ட்டைத் திருப்பினாள்.

"இருபத்தாறு மில்லிமீட்டர். குறையவே இல்லை. கிருமியும் மாறிடுச்சு. எல்லாம் நீள நீளமா, நல்ல ஜாதி."

"பூச்சியா?" என்றார் இபு.

"நல்ல பூச்சி, இபு. வாசல்ல காவலுக்கு நிக்குறது."

"எங்க வீட்டுக்காரரும் காவல்காரர்தான். பாதி நாள் தூக்கம்."

"இதுங்க தூங்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கியதில் உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. இபு கேட்காமலேயே என் வயிற்றில் கையை வைத்தார். அந்தக் கையில் மஞ்சள் போகவே போகாது.

"வர்ற புதன்கிழமை வச்சுக்கலாம். ஏழு பேர் தண்ணி ஊத்தட்டும். ருஜாக் பழக் கலவைக்கு மிளகாய் நான்தான் இடிப்பேன். காரம் தூக்கலா விழுந்தா பொண்ணு."

"நீங்க இடிச்சா எப்பவுமே காரம்தானே இபு," என்றாள் லிஸ்தி.

"அப்போ பொண்ணுதான்."

இத்தனை நாளும் நாள் குறிக்காத வாய் அது. ஒரு நிமிடத்தில் புதன்கிழமை என்றுவிட்டது. எனக்கு மூக்கு எரிந்தது. அழுதுவிடுவேன் போலிருந்தது.

லிஸ்தி இன்னொரு தாளை எடுத்தாள். எங்களைப் போல நானூறு பேரிடம் கேட்கிற ஆராய்ச்சிப் படிவம்.

"கடைசிக் கேள்வி. வெத்தலைத் தண்ணியால உள்ள கழுவுறது, இந்த வாரம் எத்தனை தடவை?"

இபு உடனே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் என் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். மூடினார்.

"போன தடவை தினம் ரெண்டுன்னு சொல்லியிருக்கீங்க. அதே பதினாலுன்னு போட்டுக்கவா?"

பேனா தாளைத் தொட்டது.

நானூறு பேரின் கணக்கில் ஒரு தப்பான எண் ஏறப்போகிறது. அதுவும் என்னுடையது.

"பூஜ்யம்," என்றேன்.

இன்று காலையிலிருந்து நான் சத்தமாகச் சொன்ன முதல் சொல். இபுவின் முகத்தைப் பார்க்காமல் மீதியையும் சொன்னேன்.

"எல்லாத்தையும் கொட்டிட்டேன், இபு. ஒரு நாள்கூட கழுவல."

பிறகு அவர் தோள் என் தோளில் பட்டுப் பட்டு ஆடியது. அழுகிறார் என்று திரும்பினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண் நிறைய தண்ணீர்.

"அடிப் பாவி. கேஸ்தான் வீணாப் போச்சு," என்றார். "டாக்டரம்மா உன்கிட்ட சொன்னதை அன்னைக்கே நான் தனியா வந்து கேட்டுட்டேன். நிறுத்தினா, போன தடவைக்கு இதான் காரணம்னு நீ நினைச்சுக்குவியோன்னு பயம். அதான் ஃபிளாஸ்க்கை மட்டும் நிறுத்தல."

லிஸ்தி பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"வெறும் வெந்நீர், கண்ணு. அதுல நான் இலையே போடல."