தெரு முழுக்க மேட்ச்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் தேத்தண்ணிக் கடை றவூப். மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பிறகுதான்.

போன வருசம் ஒரு டிவியிலிருந்து நிஷாந்தி என்ற பிள்ளை கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் அறைக்கு வந்தது. கூடவே ஒரு கெமராக்காரர். யுத்தம் முடிவதற்கு முந்தின வருசம் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜுக்கு ஃபேன் திருத்தப் போன என் மகன் சாந்தகுமார் திரும்பி வரவில்லை. அதைப் பற்றிக் கேட்க வந்திருந்தார்கள்.

"ஐயா, அந்த நேரம் உங்கட மனசு எப்பிடி இருந்தது?"

"மனச விடும்மா. அவன் பேரு சாந்தகுமார். இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். எங்கயாச்சும் பாத்தவங்கள இந்த நம்பருக்குக் கோல் எடுக்கச் சொல்லு. பழைய நம்பர்தான். அவனுக்கும் தெரியும்."

"அதெல்லாம் போடுவம் ஐயா. நீங்க உங்கட வலியச் சொல்லுங்கோ. ட்ரோமாவ மனசுக்குள்ள பூட்டி வச்சிருக்கக் கூடாது."

எனக்கு அந்தச் சொல் தெரியாது. அந்தப் பிள்ளை கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டது. கடைசியில் நான் அழுதுவிட்டேன். கெமராக்காரர் கிட்ட வந்தார். அதோடு பேட்டி முடிந்தது.

என் மனைவி சீனியம்மா படிவரை போய்க் கேட்டாள்.

"பேரும் நம்பரும் வரும்தானே?"

"கட்டாயம் அம்மா."

எங்களிடம் டிவி இல்லை. நிகழ்ச்சியைப் பகலில் ஒரு தடவையும் பின்னேரம் ஒரு தடவையும் போடுவார்கள் என்றார்கள். பகலில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. பின்னேரம் றவூப் கடைக்குப் போனோம்.

சீனியம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். கையில் போன்.

"ஃபுல் சார்ஜ் போட்டிருக்கேன். யாராச்சும் எடுக்கிற நேரம் நின்னுறக் கூடாது."

முன்வாங்கில் உட்கார்ந்தோம். நியூஸ் முடிகிற நேரம் றவூப் ரிமோட்டை எடுத்தான்.

"நாநா, இப்ப நம்ம புரோகிராம்."

"தெரியும் அண்ணே. மேட்ச் இரிக்கி."

"மேட்ச நாளைக்கும் காட்டுவாங்க. ஒரு அரை மணி நேரம் விடுங்க."

"கடை என்ட கடை அண்ணே."

ரிமோட் அவன் சட்டைப் பைக்குள் போய்விட்டது. சீனியம்மா எழுந்துவிட்டாள். எதிரே நோபேட்டின் பேக்கரிக்கு ஓடினோம். அங்கேயும் மேட்ச். பக்கத்து சலூனில் மேட்ச். மூலைப் போன் கடையில் மேட்ச். யாருக்கும் யாருக்கும் மேட்ச் என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் போன் அடிக்கவில்லை.

"யாரு பாத்திருப்பாங்க?" என்றாள் சீனியம்மா. "ஊரே மேட்ச்தான் பாத்திருக்கும்."

அதற்குப் பிறகு நான் றவூப் கடைப் படி ஏறவில்லை. நோன்புக் கஞ்சி அனுப்பினான். வாளியோடு திருப்பி அனுப்பினேன். நோபேட்டின் தேத்தண்ணி பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கும். அதையே குடித்தேன்.

போன கிழமை அப்படித்தான் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தேன். நோபேட் உள்ளே போறணையில் பாண் எடுத்துக்கொண்டிருந்தார். டிவியில் திடீரென்று நான்.

என் அழுகிற முகம், பெரிதாக. பின்னால் வயலின். ஒரு பெண் குரல் சொன்னது: 'கொல்லப்பட்ட மகனை நினைத்து இன்றும் கண்ணீர் வடிக்கும் தந்தை.' அடுத்து ஓர் அரசியல்வாதி வந்து, இந்த மக்களின் வலியை ஒருநாளும் மறக்க மாட்டோம் என்றார். அடுத்து பிஸ்கட் விளம்பரம்.

பேரும் இல்லை. நம்பரும் இல்லை.

நோபேட் கை மாவோடு ஓடிவந்து டிவியை நிறுத்தினார்.

"கொன்னாங்கன்னு நான் சொல்லலியே," என்றேன். "நான் அப்பிடிச் சொல்லவே இல்ல."

"கோவிச்சிக்காதீங்க அண்ணே. இந்த வருசமும் இதப் போடுவாங்கண்டு நினைக்கல்ல."

"போன வருசம் போட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"பகல்லயே பாத்திட்டம். பாத்த உடனே றவூப் நாநா கடை கடையா ஏறி இறங்கினார். சீனியம்மாக்காட காதுல இது விழக் கூடாது, அந்த நேரம் எல்லாரும் மேட்சப் போடுங்கண்டு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"அந்தச் சொல்ல உங்கட முகத்தப் பாத்து எப்பிடிச் சொல்றது?"

நான் ரோட்டைக் கடந்தேன். றவூப் என்னைப் பார்த்தார். ஒரு பிளேன்டீயை வாங்கில் கொண்டுவந்து வைத்தார். கஞ்சியைத் திருப்பி அனுப்பினது பிழை என்று நான் சொல்லவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சீனியம்மா போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம புரோகிராம இந்த வருசமும் போடுறாங்களாமே. பாத்தீங்களா?"

"இல்ல. மேட்ச் போட்டிருந்தாங்க."

"அப்ப அந்தப் பிள்ள நம்ம புள்ள பேர இன்னும் சொல்லலியா?"

"இன்னும் சொல்லல."