கழுத்தில் எதுவும் கூடாது

கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது, படகு கவிழ்ந்தால் கயிற்றில் சிக்கி இறுக்கிவிடும் என்று அந்த வெளிநாட்டுப் படகோட்டி தன் கழுத்தை நெரித்து நடித்துக் காட்டினான். சுற்றுலா வந்த எல்லோரும் சங்கிலிகளைக் கழற்றினார்கள். நாச்சம்மாளின் கணவர் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தாலியக் கழட்டறதா? எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா? வா, பஸ்ல போயி உக்காந்துக்கலாம்.”

“ஆத்துல எறங்கறது நானுங்க.”

கீழே பாறைகளுக்கிடையில் ஆறு வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. விமானத்தில் ஏறியதிலிருந்தே அவள் இந்த ஆற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருடமாகக் கழற்றாத தாலிக்கொடியை, அதில் தொங்கிய மூன்று ஊக்குகளோடு தலைவழியே உருவினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை அவர் கழுத்திலேயே போட்டாள்.

“உங்க உசுரு இதுலதான் இருக்குதுன்னா, நீங்களே போட்டுக்கிட்டு பத்திரமா இருங்க.”

லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இறுக்கிக்கொண்டு துடுப்போடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். ரப்பர் படகு முதல் அலையில் செங்குத்தாக ஏறும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கரையில், அதைக் கழற்றப் போன அவர் கை பாதியில் நின்றிருந்தது.