பாம்புக்கடி மருந்தின் பக்கம்

ஒரு மருந்து மொத்தக்கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும், அதிலிருந்து வயர் இழுத்த இரண்டு திரைகளும் இருந்தன. ஒன்று முன்கடையில், மற்றது கிடங்கில். ஒரு மருந்தின் பக்கத்தை ஒரு திரை திறந்துவிட்டால், அது விடும்வரை மற்றது தொடக்கூடாது. அது பெட்டியின் சட்டம்.

ஒருநாள் மத்தியானம் முன்கடை குமாஸ்தா ஞானதுரை பாம்புக்கடி மருந்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தார்; மூடாமலே சாப்பிடப் போய்விட்டார். முன்கடைத் திரைக்குப் பெருமை தாங்கவில்லை. எப்பேர்ப்பட்ட மருந்து, இப்போது தன் பொறுப்பில்!

சற்று நேரத்தில் கிடங்குத் திரை கூப்பிட்டது.

“அண்ணே, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் விடுங்க. ஆஸ்பத்திரி ஆள் சீட்டோட நிக்கிறாரு. பில் வராம மருந்தைக் கொடுக்க மாட்டேங்கிறாங்க.”

“முதல்ல திறந்தது நான்தானே தம்பி? எங்க ஆள் வரட்டும்.”

“நீ சரின்னு சொன்னா நானே மூடிடறேன்,” என்றது பெட்டி.

“சட்டம் போட்டது நீங்கதானே?” என்றது முன்கடைத் திரை.

பெட்டி பக்கத்தை மூடவில்லை.

கிடங்குத் திரை இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டது. பிறகு கூப்பிடவில்லை.

ஞானதுரை கையைத் துடைத்தபடி வந்து பக்கத்தை மூடினார்.

“இந்தா தம்பி, எடுத்துக்கோ,” என்றது முன்கடைத் திரை தாராளமாக.

“ஆள் போயிட்டாருண்ணே. கடிபட்ட பிள்ளைக்கு இனி வேண்டாமாம். போன் வந்துச்சு.”



“இருப்பைப் பார்த்துக்கோ தம்பி,” என்றது முன்கடைத் திரை. “பன்னிரண்டு. என்கிட்ட இருந்தவரைக்கும் ஒண்ணுகூடக் குறையலை.”