நல்ல ரத்தம்

“கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? புற்றுநோய் செல்லைக் கொண்டுபோய் நல்ல ரத்தத்துல கலந்து வச்சிருக்கியே!”

எல்லோரும் எஜே, அதாவது அக்கா, என்று கூப்பிடும் பேராசிரியர் புருல் மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து போட்ட சத்தத்தில் ஜிபெக் ஓரடி பின்வாங்கினாள்.

“நான் கலக்கல எஜே. சத்தியமா.”

“அப்ப அதுக்கே கால் முளைச்சு நடந்து போச்சா?”

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் அந்த ஆய்வுக்கூடத்தில் இடம் பிடிக்க ஜிபெக் பட்ட பாடு கொஞ்சமல்ல. எப்போதோ ஒரு ரத்தப் புற்றுநோயாளியிடம் எடுத்த செல்கள் இன்னும் அங்கே தட்டில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் கிருமியை ஏவி, வெள்ளணுக்கள் எப்படிச் சண்டை போடுகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. ஒப்பிடுவதற்குப் பக்கத்திலேயே நோயில்லாத ஒருவரின் ரத்தம் இருக்கும். இரண்டும் கலந்தால் மொத்தமும் பாழ்.

“நாளைக்குப் புது ரத்தம் தர்றேன். திரும்பவும் இதே கூத்துன்னா, மூட்டையைக் கட்டிக்கிட்டு உங்க ஊரு நரினுக்கு பஸ் ஏறு. ஆடாவது மேய்க்கலாம்!”

அன்று முழுக்க ஜிபெக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீயை ஊற்றினாள், குடிக்க மறந்தாள். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். ஊருக்குத் திரும்பினால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாள் எஜே கொடுத்த குழாயை வாங்கியவள் அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்தச் செல்களின் வாடையே படாத மாடி அறைக்கு ஓடினாள். புதுக் கையுறை, புதுக் கண்ணாடித் துண்டு. ரத்தத்துக்கு ஏற்றிய சாயம் காய்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

பார்த்தாள். துள்ளிக் குதித்தாள். கூட்டம் கூட்டமாக, அதே பெரிய, முதிராத, புற்றுநோய் பிடித்த வெள்ளணுக்கள்!

“எஜே! ஓடி வாங்க! நான் ஒண்ணையும் கலக்கல. இந்த ரத்தமே இப்படித்தான் இருக்கு! கோளாறு அந்த ஆளோட உடம்புலதான்!”

குனிந்து பார்த்த புருல் எஜே நிமிர வெகுநேரம் ஆனது. ஜிபெக்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலை தப்பித்தது.

“உன்னைத் திட்டினது என் தப்பும்மா.”

“அது கிடக்கட்டும் எஜே. யாரு அவரு? உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, பாவம்.”

எஜே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “ரத்தம் குடுக்க ஒருத்தரும் வரலைன்னு, ரெண்டு தடவையும் நான்தான் கையை நீட்டினேன் ஜிபெக்.”

“இல்ல எஜே... நான்தான் கலந்துட்டேன்” என்றாள் ஜிபெக்.