வெளியே வரும் வரி

மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் ஜெசிந்தா எழுதிய முதல் ஷெல் ஸ்கிரிப்ட் அது; கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளின் பட்டியல். ‘வீடு’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அறைகளாக ஐந்து ஃபோல்டர்கள், அறைக்கு ஒரு காலி ஃபைல். ஃபைலுக்கு ஏதாவது பெயர் வைக்க வேண்டுமே என்று, ஒன்பது வருடங்களுக்கு முன் வீட்டைவிட்டுப் போன தம்பி ஏசுராஜின் பெயரை வைத்தாள். ஓட்டிப் பார்த்தபோது அறைகள் பக்கத்துப் பக்கத்தில் வரவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாகப் போயிருந்தன.

“ஒவ்வொரு அறையிலயும் உள்ள போகச் சொல்லியிருக்கீங்க, வெளிய வரச் சொல்லவே இல்லியேக்கா,” என்று பக்கத்து இருக்கை சுபாஷினி சிரித்தாள். “எல்லாரும் பண்ற தப்புதான். வீட்டையே அழிச்சிடுங்க, உள்ள இருக்கிறதும் சேர்ந்து போயிடும்.”

அழிக்கும் முன் ஜெசிந்தா ஒவ்வோர் அறையாக உள்ளே போய்ப் பார்த்தாள். நான்கு அறைகளிலும் ஃபைல் காலியாகவே இருந்தது. ஐந்தாவதில் மட்டும் ஒரு வரி இருந்தது.

“அக்கா, கதவு எந்தப் பக்கம்?”

சுபாஷினி சிரிப்பை நிறுத்தினாள். “சத்தியமா நான் எழுதலக்கா.”

ஜெசிந்தா எதையும் அழிக்கவில்லை. ஸ்கிரிப்டைத் திறந்து, விட்டுப்போன, வெளியே வரச் சொல்லும் வரியைச் சேர்த்து, மறுபடி ஓட்டினாள்.

வகுப்பறைக் கதவு வெளியிலிருந்து தள்ளினால்தான் திறக்கும். இங்கே வருகிற எல்லோருக்கும் அது தெரியும். இப்போது யாரோ வெளியே நின்று அதை இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.